எஸ்தர் டீச்சரின் இடது கை

1

நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கி இந்த மழைக்காலத்தோடு பத்து வருஷம் ஆகிறது. பினாங்கில் இதைப் படிக்கிற உங்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். கான்வென்டில் பியானோ வாசித்த ஜைனப், கல்யாணம் ஆகி இந்தியாவுக்குப் போனவள் என்றால் ஞாபகம் வரலாம். நீங்கள் எல்லாரும் இங்கிருந்து பிழைக்க அங்கே போன குடும்பங்கள். நான் அங்கே பிறந்து, குடித்தனம் நடத்த இங்கே வந்தவள். வாப்பாவுக்குப் பரங்கிப்பேட்டை சொந்த ஊர். எனக்கு இது வெளிநாடு. பாஸ்போர்ட்டும் அப்படித்தான் சொல்கிறது.

நாங்கள் இருப்பது கடலூர் பழைய டவுனில். மச்சானுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, துறைமுகத்தில் மணிலாக்கொட்டை ஏற்றுமதி; வேர்க்கடலையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். வந்த புதிதில், ரூபாய் என்று சொல்லாமல் பினாங்கு வழக்கப்படி, காய்கறிக்காரம்மாவிடம் "இது எத்தனை வெள்ளி?" என்று கேட்டுவிட்டேன். அவள் நகைக்கடைத் தெருவுக்கு வழி சொன்னாள். ரோட்டை நான் சடக்கு என்று சொன்னால் மச்சானின் உம்மா, எனக்கு மாமி, உள்ளே போய்ச் சிரிப்பார்கள். இப்போது தவறுவதில்லை. தவறாமல் பேசும்போதுதான் வேறு யாரோ என் வாயால் பேசுவது போல இருக்கிறது. என் மகள் ஹாஜிராவுக்கு அந்தத் தொல்லையே கிடையாது. அவள் இந்த ஊர்க்காரி. பினாங்கைப் பற்றி நான் ஏதாவது சொன்னால், "உங்க ஊர்ல அப்படியா?" என்று கேட்பாள். நம்ம ஊர் என்று அவள் வாயில் ஒருநாளும் வந்ததில்லை.

ஒவ்வொரு வருஷமும் நான் இங்கே தங்குவதற்கு அனுமதியை நீட்டித்துக்கொள்ள வேண்டும். போட்டோ, பாஸ்போர்ட், மச்சானின் கையெழுத்து, ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்காருவது, அவ்வளவுதான் வழக்கம். இந்தத் தடவை போனபோது அங்கிருந்த அதிகாரி, தொத்து வியாதி எதுவும் இல்லை என்று டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி வரச் சொன்னார். மற்ற வருஷங்களில் கேட்டதில்லையே என்றேன். இந்த வருஷம் கேட்கிறோம் என்றார். பேசும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜை விளிம்பில் இருந்த என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதற்காகக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் எழுதுகிறேன். இங்கே யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

2

ஹாஜிராவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மஞ்சக்குப்பத்துக்குப் போனோம். அங்கே ஒரு மிஷன் பெண்கள் பள்ளி. மச்சான் ஆபீசில் பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்தோ பியானோ கேட்டது. கேட்டு அப்போது வருஷக்கணக்காகிவிட்டது. முதலில் என் காதுதான் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன்.

சத்தம் வந்த பக்கம் நடந்தேன். பழைய ஹாலில், சுவர் ஓரம் நின்ற பியானோ முன்னால் வெள்ளைப் புடவை கட்டிய ஒல்லியான ஒரு பெண்மணி. நாற்பது வயசு இருக்கும். அவர் வாசித்தது கோயில் பாட்டு இல்லை. கான்வென்டில் சிஸ்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்த, இருநூறு வருஷத்துக்கு முந்தின ஜெர்மன்காரர் ஒருவர் எழுதிய இரண்டு குரல் பாடம். வலது கை ஒரு சின்ன வாக்கியம் சொல்லும். அது முடியும் முன்பே இடது கை அதையே கீழே திருப்பிச் சொல்லத் தொடங்கும். பிறகு இடது கை சொன்னதை வலது கை பிடித்துக்கொள்ளும். இரண்டு கைக்கும் சம உரிமை. ஒன்று பாட, மற்றது தாளம் போடுகிற வேலையே கிடையாது.

அவர் ஓர் இடத்தில் நிறுத்தித் தடுமாறினார். நான் யோசிக்காமல், "அங்கே நாலாவது விரல்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். முக்காடு போட்ட ஒரு துலுக்கப் பெண் வாசலில் நின்று விரல் எண் சொல்வதைக் கேட்டு அவர் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. பிறகு பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

அவர்தான் எஸ்தர் டீச்சர். கல்யாணம் ஆகாதவர். அந்தப் பள்ளியில் படித்து அங்கேயே பாட்டு டீச்சர் ஆனவர். மிஷனில் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம் கற்றுக்கொண்டாராம். அந்த அம்மாள் கப்பலேறிப் போனபிறகு, இந்தப் பாடங்களை உட்கார்ந்து கேட்க அவருக்கு ஒரு ஆள்கூட இல்லை.

சனிக்கிழமை மத்தியானங்களில் போய் வரலாமா என்று மச்சானிடம் கேட்டேன். மாமிக்குப் பிடிக்கவில்லை. மச்சான் மாமியிடம், "பொம்பளைப் புள்ளைங்க ஸ்கூலு. டீச்சரும் பொம்பளை. போய்ட்டு வரட்டும் உம்மா" என்றார். அவர் சங்கீதம் கேட்பவர் இல்லை. ஆனால் வீட்டில் நான் எப்படி இருந்தேன் என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

3

மூன்றாவது ஆள் நெய்வேலியிலிருந்து வந்தான். கோவிந்தராஜன் என்று பெயர். நிலக்கரிச் சுரங்கத்தில் வரைபடம் போடுகிற வேலை. கம்மாபுரத்துப் பக்கம் விவசாயக் குடும்பம். வேலைப் பயிற்சிக்காக ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள், குளிர்காலம் முழுக்க வேறு போக்கிடம் இல்லாத இந்தப் பையனை உட்காரவைத்துப் பியானோ சொல்லிக்கொடுத்திருக்கிறாள். திரும்பி வந்தபிறகு தென்னாற்காடு ஜில்லா முழுக்கப் பியானோ எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தானாம். வடலூரில் பஸ் மாறி மஞ்சக்குப்பத்துக்கு வந்து, டீச்சர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஒரு மணி நேரம் தொட்டுப் பாத்துட்டுப் போய்டறேங்க" என்றான்.

ஆம்பிளை ஆள் என்பதால் டீச்சர் தலைமை ஆசிரியையிடம் கேட்டு அனுமதி வாங்கினார். ஹாலின் கதவுகள் எல்லாம் திறந்திருக்கும். வராந்தாவில் ஆயா ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். என்னை அவன் அக்கா என்று கூப்பிட்டான். நான் தம்பி என்றேன். அதோடு ஊர் வாய் கொஞ்சம் அடங்கியது.

மூன்று பேரில் யாருமே நன்றாக வாசிப்பவர்கள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவரும் ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு பழகுவோம். தேறியதும் மற்ற இரண்டு பேருக்கு வாசித்துக் காட்டுவோம். பிறகு பாடத்தைக் கைமாற்றிக்கொள்வோம். நோட்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது, வெள்ளைக்கார அம்மாள் விட்டுப்போனது. கோவிந்தராஜன் அதை டிரேசிங் காகிதத்தில் மைப்பேனாவால் வரைந்து, சுரங்கத்துப் படங்களை நகல் எடுக்கிற மாதிரி அம்மோனியா காகிதத்தில் நகல் எடுத்து வந்தான். நீலக் கோடுகள். மூக்கைத் துளைக்கிற நாற்றம். அதை ஸ்டாண்டில் வைத்து வாசிக்கும்போது கண்ணில் தண்ணீர் வரும்.

சண்டையும் போட்டோம். ஒரு சுரத்தையும் அதன் மேல் சுரத்தையும் மாற்றி மாற்றி அடித்து நடுக்க வேண்டிய இடத்தில் மேல் சுரத்தில் தொடங்குவதா, எழுதியிருக்கும் சுரத்திலேயே தொடங்குவதா? டீச்சருக்கு ஒரு விதம் சொல்லியிருந்தார்கள். பினாங்கு சிஸ்டர் எனக்கு வேறு விதம். ஜெர்மன் அம்மாள் இவனுக்கு இரண்டும் இல்லாத மூன்றாவது விதம். ஒரு மழைக்காலம் முழுக்க அதைப் பேசினோம். கடைசியில் மேலிருந்தே தொடங்குவது என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டோம். அன்றைக்கு மூவரும் ஒருவர் பின் ஒருவராக அந்த ஒரு வரியை மட்டும் வாசித்தோம். ஒரே ஊர்க்காரர்கள் பேசுவது போல இருந்தது. இந்த நாட்டில் எனக்கு அப்படி இருந்தது அங்கே மட்டும்தான்.

கடல் காற்று பியானோவுக்கு ஆகாது. ஐப்பசி பிறந்தால் கட்டைகள் உப்பிக்கொண்டு அழுத்தியது அழுத்தியபடி நிற்கும். ஈரம் காய்வதற்காகக் கோவிந்தராஜன் உள்ளே ஒரு பல்பைக் கட்டித் தொங்கவிட்டு எரியவைத்தான். சுருதி சேர்க்கத் தெரிந்தவர் மெட்ராசில்தான் இருந்தார். அவர் வராத காலத்தில் கோவிந்தராஜனே சாவி ஒன்று செய்து வந்து முறுக்குவான். சில நாள் சரியாக வரும். சில நாள் முன்னைவிட மோசமாகும். டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு வாசிப்பார்.

அவன் ஊரைப் பற்றி ஒருநாள் சொன்னான். சுரங்கத்துக்கு இன்னும் நிலம் எடுக்கப்போகிறார்கள். எடுக்கப்போகிற நிலத்துக்கு எல்லைக்கோடு போடுகிற வேலை அவனுக்கு வந்திருக்கிறது. கோட்டுக்கு உள்ளே அவன் அப்பா பயிர் வைக்கிற கொல்லையும் வருகிறது. கோடு போட்டாயா என்று டீச்சர் கேட்டார். "போட்டேன் டீச்சர். நான் போடலன்னா பக்கத்து மேஜைக்காரன் போடுவான்" என்றான். அன்று அவன் எதுவும் வாசிக்கவில்லை. எங்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

4

சிதம்பரத்தில் காலேஜ் பேராசிரியர் ஒருவரின் மனைவி, சரோஜா அம்மா என்று பெயர், வீட்டில் நல்ல பியானோ வைத்திருந்தார். எங்களைப் பற்றி எப்படியோ கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வந்து வாசிக்கச் சொன்னார். பத்துப் பதினைந்து பேர் வருவார்கள், எல்லாம் படித்த குடும்பங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

நாங்கள் பயந்துபோனோம். எங்களைத் தவிர யாரும் எங்களைக் கேட்டதில்லை. இரண்டு மாதம் அதே பாடங்களைத் திரும்பத் திரும்பப் பழகினோம். மச்சானும் கூட வந்தார். நாலு பேரும் பாசஞ்சர் ரயிலில் போனோம். பரங்கிப்பேட்டை ஸ்டேஷனில் நின்றபோது வாப்பாவின் ஊரை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. மடியில் விரல்கள் தாமாகவே பாடத்தை ஓட்டிக்கொண்டிருந்தன.

அந்த வீட்டுப் பியானோவில் எல்லாக் கட்டையும் வேலை செய்தது. அதுவே எங்களுக்குப் புதுசு. நான் முதலில் வாசித்தேன், பிறகு கோவிந்தராஜன். இரண்டு பேருக்கும் பெரிய தவறு இல்லை. கடைசியில் டீச்சர் உட்கார்ந்தார். அவர்தான் எங்களில் கெட்டிக்காரர்.

இரண்டாவது வரியிலேயே இடது கை பின்தங்கியது. முதலில் படபடப்பு என்று நினைத்தேன். பிறகு பார்த்தேன். கடைசி இரண்டு விரல்கள், சுண்டு விரலும் மோதிர விரலும், கட்டையை விட்டு எழவில்லை. இழுத்துக்கொண்டு வந்தன. வலது கை கேட்டதற்கு இடது கையிலிருந்து பதில் வரவில்லை. டீச்சர் நிறுத்தினார். மறுபடி தொடங்கினார். அதே இடத்தில் மறுபடி நின்றது. எழுந்து கும்பிட்டுவிட்டு, ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததில் கை விறைத்துப்போனது என்றார். எல்லாரும் அன்பாகக் கை தட்டினார்கள். சரோஜா அம்மா அவருடைய கையைப் பிடித்து, அடுத்த முறை நன்றாக வரும் என்றார்.

திரும்பும்போது சிதம்பரம் ஸ்டேஷனில் மச்சான் எல்லாருக்கும் காப்பி வாங்கி வந்தார். பித்தளை டம்ளர். சூடு தாங்காமல் நான் முந்தானையால் பிடித்துக்கொண்டேன். கோவிந்தராஜன் கைக்குக் கை மாற்றிக்கொண்டிருந்தான். டீச்சர் இடது கையால் டம்ளரைச் சுற்றிப் பிடித்தபடி சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார். ரயில் ஏறியபிறகு பார்த்தால் அவருடைய சுண்டு விரலின் ஓரத்தில் கொப்புளம் எழும்பியிருந்தது. வலிக்கலையா டீச்சர் என்றேன். எது என்று கேட்டார்.

5

அடுத்தடுத்த வாரங்களில் வாசிக்காமல் இருக்க டீச்சர் என்னவெல்லாமோ காரணம் சொன்னார். பிறகு ஒரு சனிக்கிழமை நாங்கள் போனபோது பியானோ மூடியிருந்தது. டீச்சர் அதை விட்டுத் தள்ளி ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தார். கைகளை மடியில் வைத்து மேலே கைக்குட்டை போட்டிருந்தார்.

"எனக்குக் குஷ்டமாம்" என்றார்.

லேடி டாக்டர் முழங்கையில் நரம்பைத் தொட்டுப் பார்த்தாராம். கயிறு மாதிரி தடித்திருக்கிறதாம். பஞ்சை வைத்துத் தடவினால் தெரியவில்லை, ஊசியால் குத்தினாலும் தெரியவில்லை. இது மற்றவர்களுக்கு ஒட்டுகிற ரகம் இல்லை, மாத்திரை சாப்பிட்டால் மேலே பரவாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் போன நரம்பு போனதுதான், விரல்கள் இனிமேல் மடங்கிக்கொண்டே வரும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

"டாக்டரம்மா ஒட்டாதுன்னுதான் சொல்றாங்க. ஆனா நீங்க புள்ளகுட்டிக்காரி, ஜைனப். இவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகல. இனிமே வராதீங்க. இந்தக் கட்டைய நான் தொட்டிருக்கேன்."

கோவிந்தராஜன் போய்ப் பியானோவின் மூடியைத் திறந்தான். பெஞ்சின் இடது பக்கத்தில் உட்கார்ந்து, வலது பக்கத்தைக் காலியாக விட்டான்.

"எடது கைய நான் வாசிக்கிறேன். நீங்க வலது கைய வாசிங்க டீச்சர்."

டீச்சர் வரவில்லை. அவனும் எழுந்திருக்கவில்லை. வெகுநேரம் கழித்து டீச்சர் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று இரண்டு பேராலும் நாலு வரிகூடச் சேர்ந்து போக முடியவில்லை.

நான் வீட்டுக்கு வந்து மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் அவர் தானே போய் அந்த லேடி டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். "ஒட்டாதாம். அவுங்களே வெறுங்கையாலதான் தொட்டுப் பாக்குறாங்க. நீ போ. உம்மாகிட்ட மட்டும் சொல்லிக்கிட்டு இருக்காதே" என்றார். என் கல்யாண வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய சொல் அதுதான். இதுவரை அவரிடம் அதை நான் சொன்னதில்லை.

கோவிந்தராஜனுக்கு ஷிப்டு மாறி வர முடியாத வாரங்கள் ஜாஸ்தியாக இருந்தன. அதனால் பெரும்பாலும் நான்தான் டீச்சருக்கு இடது கை. ஒரே ஆளாக வாசிக்கும்போது ஒரு கை எங்கே இருக்கிறது என்று மற்ற கைக்குத் தெரியும். இரண்டு ஆளாக வாசிக்கும்போது அது கிடையாது. டீச்சர் மூச்சு இழுப்பதைக் கேட்டுத்தான் நான் தொடங்குவேன். அவருடைய தோள் என் தோளில் இடிக்கும். அவருடைய இடது கை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கைக்குட்டைக்குள் இருக்கும். சில நாள் என் கை வாசிக்கும்போது கைக்குட்டை அசையும்.

அந்த வருஷம்தான் நாங்கள் மிக நன்றாக வாசித்தோம். இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் அது உண்மை. பாடங்களை ஒவ்வொன்றாக முடித்தோம். வராந்தாவில் இருந்த ஆயாகூட ஒருநாள் உள்ளே வந்து நின்று கேட்டாள். ஆனால் ஒவ்வொரு வாரமும் அந்த இரண்டு விரல்களும் முன்னைவிட அதிகமாக மடங்கியிருந்தன. நாங்கள் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

6

டீச்சர் வகுப்பில் இடது கையைப் புடவைக்குள் வைத்துக்கொண்டே ஒரு வருஷம் ஓட்டினார். மாத்திரை வாங்க ஆஸ்பத்திரி வரிசையில் நின்றபோது ஒரு மாணவியின் தாயார் பார்த்துவிட்டார். அது என்ன வரிசை என்று இந்த ஜில்லாவில் எல்லாருக்கும் தெரியும். அந்த வாரமே பள்ளிக்கூடத்து வாசலில் பெற்றோர்கள் கூடிவிட்டார்கள்.

யாரும் கத்தவில்லை. நிர்வாகத்தில் இருந்தவர்கள் டீச்சரை உட்காரவைத்து மரியாதையாகப் பேசினார்கள். நீண்ட விடுப்பில் போங்கள், உடம்பு சரியானதும் பார்க்கலாம் என்றார்கள். டாக்டரின் சர்டிபிகேட்டை டீச்சர் காட்டினார். நாங்கள் நம்புகிறோம், பெற்றோர்கள் நம்ப மாட்டார்கள் என்றார்கள். ஹாஸ்டல் அறையைக் காலி செய்து ஒரு டிரங்குப் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணன் வாசலில் தனியாக ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தார்.

ஹாலுக்கு வெள்ளையடித்தார்கள். பியானோவைச் சுத்தம் செய்யச் சொன்னபோது, யார் செய்தார்களோ, கட்டைகள்மேல் பினாயிலை அப்படியே ஊற்றிவிட்டார்கள். தகவல் தெரிந்து கோவிந்தராஜன் ஓடி வந்தான். பியானோவைத் தானே எடுத்துக்கொண்டு போவதாகக் கேட்டு அனுமதியும் வாங்கிவிட்டான். மூடியைத் திறந்தால் உள்ளே கம்பளித்துணி எல்லாம் ஊறி, சுத்தியல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. ஒரு கட்டையை அழுத்தினான். இறங்கியது, எழவில்லை. பக்கத்துக் கட்டையும் அப்படியே. மூடியை மெல்ல மூடிவிட்டு, "இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதுக்கா" என்றான். இப்போது அது சைக்கிள் ஷெட்டில் நிற்கிறது. மேலே உடைந்த பெஞ்சுகளை அடுக்கியிருக்கிறார்களாம். ஹாஜிரா சொன்னாள்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். "உம்மா, நீ இனிமே ஸ்கூலுக்கு வராதே. அந்த டீச்சர்கூட உக்காந்து வாசிச்சது நீதான்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சு. அது நீ இல்லன்னு நான் சொல்லி வெச்சிருக்கேன்." அழாமல், கோபப்படாமல் சொன்னாள். அவளுக்கு அங்கே படிக்க வேண்டும், சிநேகிதிகள் வேண்டும். அவளிடம் நான் என்ன வாதாட முடியும்? அன்றிலிருந்து அவளைக் கொண்டுவிடுவதும் கூட்டிவருவதும் மச்சான்தான்.

மாமிக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. சத்தம் போடவில்லை. எனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர் தனியாக ஒதுக்கினார்கள். சிதம்பரத்துச் சரோஜா அம்மாவும் சொல்லி அனுப்பினார்: வீட்டில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கிறார்கள், பியானோவைப் பூட்டி வைத்திருக்கிறோம் என்று. வரலாமா என்று நாங்கள் அவரிடம் கேட்கவே இல்லை.

7

கோவிந்தராஜனின் ஊர் சுரங்கத்துக்குப் போய்விட்டது. அப்பா அம்மாவைக் கம்பெனி கொடுத்த மனையில் குடிவைத்துவிட்டு அவன் மறுபடி ஜெர்மனிக்குப் போனான். இந்த முறை பயிற்சிக்கு இல்லை, வேலைக்கு. போகிறதற்கு முன்னால் வந்து மச்சானிடமும் என்னிடமும் சொல்லிக்கொண்டான். அங்கே போனதும் வாசிப்பாய்தானே என்று கேட்டேன். "யாருக்குக்கா?" என்றான்.

டீச்சர் வடக்கே ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையில் ஆபரேஷன் செய்துகொண்டார். வேறொரு தசைநாரை எடுத்து விரல்களுக்குக் கட்டுகிறார்களாம். நல்லபடியாகவே முடிந்தது. விரல்கள் விரிகின்றன. டம்ளர் பிடிக்கலாம், ஜாக்கெட் ஊக்கு மாட்டலாம். தொடு உணர்ச்சி மட்டும் வராது. இப்போது சிதம்பரத்துக்குக் கொஞ்ச தூரத்தில், நோயாளிகளைக் குடிவைத்திருக்கும் ஒரு இடத்தில் அவரும் இருக்கிறார். அங்கே பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார். வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்வதைப் பற்றிப் பள்ளியிலிருந்து யாரும் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை.

நான் சர்டிபிகேட் வாங்கப் போனது அதே லேடி டாக்டரிடம்தான். முழங்கையைப் பிடித்துப் பார்த்தார், விரல்களில் பஞ்சு வைத்துத் தடவினார். என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, தெரிகிறதா என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் தெரிகிறது, தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதிகாரி அதை ஓரத்தில் பிடித்துப் படித்துவிட்டு இன்னும் ஒரு வருஷத்துக்கு முத்திரை குத்தினார். அனுமதி கிடைக்காமல் போயிருந்தால் என்னைப் பினாங்குக்கு ஏற்றிவிட்டிருப்பார்கள். பிள்ளை இந்தியப் பிரஜை, அவள் இங்கேயே இருந்திருப்பாள். அந்த ஒரு மாதம் மச்சான் சரியாகச் சாப்பிடவில்லை.

முத்திரை விழுந்த மறு வாரம், டீச்சரைப் பார்க்க வேண்டும் என்று மச்சானிடம் சொன்னேன். கூட்டிப்போனார். சிதம்பரத்தில் இறங்கி இன்னொரு பஸ், பிறகு வயல் வரப்பில் நடை. வரிசையாகக் கூரை வீடுகள். டீச்சர் எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்தார். முடி நிறைய நரைத்திருந்தது. மச்சான் அவர் கொடுத்த மோரைக் குடித்தார். குடித்துவிட்டு, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருங்க என்று வெளியே போய் மரத்தடியில் நின்றுகொண்டார்.

என்னென்னவோ பேசினோம். ஹாஜிரா எந்த வகுப்பு என்று கேட்டார். கோவிந்தராஜனைக் கேட்டார். எனக்கு எப்படியாவது ஒரு ஆர்மோனியம் வாங்கி வந்து தர வேண்டும் என்று இருந்தது. கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அதையெல்லாம் விட்டுடுங்க. உங்களுக்காவது அந்தப் பாடம்லாம் இன்னும் கையில இருக்கா?" என்றார்.

அங்கே ஒரு மேஜை இருந்தது, பிள்ளைகளின் சிலேட்டுகள் அடுக்கி வைத்தது. சிலேட்டுகளை ஒதுக்கிவிட்டு நான் இரண்டு கையையும் அதன்மேல் வைத்தேன். முதல் பாடம், எங்கள் மூன்று பேருக்கும் தூக்கத்திலும் தெரிந்தது. வலது கைதான் தொடங்க வேண்டும். அது அப்படியே கிடந்தது. காத்திருந்து பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. இடது கை தன் முறை வந்ததும் தானாகவே கிளம்பிவிட்டது. ஒரு தவறும் இல்லாமல் பாதி வரை போயிற்று. பக்கத்தில் வலது கை மரக்கட்டை மாதிரி இருந்தது. சின்ன வயசிலிருந்து என் கையில் இருந்த பாடம் அது. எப்போது போயிற்று என்றே எனக்குத் தெரியவில்லை.

டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வலது கை எங்க ஜைனப்?"

"அத நீங்கதானே டீச்சர் வாசிச்சீங்க."

அவர் தம்முடைய வலது கையைத் தூக்கிப் பார்த்தார். அந்தக் கைக்கு ஒரு குறையும் இல்லை, எல்லா விரல்களும் நேராக இருந்தன. மேஜைவரை கொண்டுவந்தார். பிறகு வைக்காமல் மடிக்கு எடுத்துக்கொண்டார்.

"எனக்கும் மறந்துபோச்சும்மா" என்றார்.

வெளியே மச்சான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று குரல் கொடுத்தார். டீச்சர் சிலேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் பழையபடி அடுக்கத் தொடங்கினார். நானும் எடுத்துக் கொடுத்தேன். முடிந்ததும் வாசல்வரை வந்தார். அடுத்த வருஷம் முத்திரை வாங்க வேண்டியிருக்கிறதே, இனிமேல் வர வேண்டாம் என்றார். வருவேன் என்று நான் சொன்னேன். வரப்பில் திரும்பிப் பார்த்தபோது அவர் உள்ளே போயிருந்தார்.